கால்கரி கற்களும் என் சிவப்புக் காரும்: பெயின்ட்டைக் காக்க ஃபிலிம் ஒட்டி ஐந்து குளிர்காலம்

2020 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசு போட்டுக் கழுவும் கொட்டகையில் ஐந்து மாத அழுக்கை இறக்கிக்கொண்டிருந்தேன். பானெட்டின் முன்விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பறவை எச்சமாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். நகம் குழிக்குள் இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் மகள் ஒட்டுத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒட்டி எண்ணினாள். பானெட்டில் மட்டும் 43. அப்போது அவளுக்கு ஏழு வயது. "அப்பா, காருக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள்.

வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத கார். நான் இருப்பது கனடாவில், கால்கரிக்கு வடக்கே ஏர்ட்ரியில், வேலை கால்கரியின் தென்கிழக்கில் ஒரு கிடங்கில். டியர்ஃபுட் சாலையில் போக 40, வர 40 கிலோமீட்டர். வீட்டிலிருந்து பார்க்கிற வேலை இல்லை என்பதால் எந்தப் பனியிலும் வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். மதுரையில் இருந்தவரை கார் பெயின்ட் என்றால் எனக்குப் பெரிய கவலை வெயிலும் ஆட்டோக்காரர் உரசுவதும்தான். கல் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இங்கே ஏன் இவ்வளவு கல் என்பதற்குக் காரணம் எளிது. டொரான்டோ பக்கம் சாலைக்கு உப்பை வாரி இறைக்கிறார்கள். இங்கே மைனஸ் 25 சாதாரணம். மைனஸ் 15-க்குக் கீழே போனால் சாதாரண உப்பு பனியை உருக்கத் திணறும். அதனால் வழுக்காமல் இருக்கச் சிறுகல்லைத் தூவுகிறார்கள். கல்லோடு கொஞ்சம் உப்பும் கலந்த அந்தக் கலவைக்கு மாநகராட்சி வைத்திருக்கும் பெயர் 'பிக்கிள்', அதாவது ஊறுகாய். முதல் முறை கேட்டபோது சிரித்தேன். ஏப்ரலில் சிரிப்பு வரவில்லை.

ஒரு விஷயம் எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது. பனி கொட்டுகிற நாளில் பெயின்ட்டுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. கல் பனிக்குள் புதைந்து கிடக்கும், எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள். ஆபத்து அதற்கு அப்புறம். மலைப்பக்கமிருந்து சினூக் காற்று அடித்தால் காலையில் மைனஸ் 15 இருந்தது மாலைக்குள் பிளஸ் 5 ஆகிவிடும். பனி உருகி ஓடி, சாலை காய்ந்து, கல் மட்டும் தனியாக மிஞ்சும். நீல வானம், நல்ல வெயில், எல்லாரும் 110-இல் பறப்பார்கள். என் காரில் விழுந்த பெரிய அடிகள் எல்லாமே இப்படிப்பட்ட அழகான நாட்களில் விழுந்தவை.

கிடங்குக்கு லாரி ஓட்டி வரும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக இந்தச் சாலைகளில் ஓட்டுபவர். என் பானெட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, லொறிக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு போறனீரோ?" என்று கேட்டார். முன்னால் போகிறவர்கள்தான் கல்லை அடிக்கிறார்கள் என்று நான் புலம்பியதற்கு, "கல்லு உம்மட்டை வாறேல்லை. நீர்தான் கல்லிட்டைப் போறீர்" என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் கணக்கு அதுதான். முன்வண்டியின் டயர் கல்லை மேலே கிளப்பி விடுகிறது. அது கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்கும்போது நாம் போய் மோதுகிறோம். அடியின் வலு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 110-ஐ 90 ஆக்கினால் அடியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். செலவே இல்லாத பாதுகாப்பு. அன்றிலிருந்து மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது தடத்தில், நாலைந்து வினாடி இடைவெளி விட்டுத்தான் போகிறேன். வேலைக்கு நான்கு நிமிடம் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

சரி, ஃபிலிமுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வீணாய்ப்போன காசு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் வாங்கியபோதே ஷோரூமில் 'பெயின்ட் பாதுகாப்பு' என்று 900 டாலருக்கு செராமிக் கோட்டிங் தலையில் கட்டினார்கள். கல்லுக்கும் தாங்குமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்கள். ஆமாம் என்கிற மாதிரியும் இருந்தது, இல்லை என்கிற மாதிரியும் இருந்தது. செராமிக் கோட்டிங்கின் தடிமன் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் கழுவப்படும், பளபளப்பு இருக்கும். கல்லுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மெழுகும் அப்படித்தான். அந்த 43 புள்ளிகளும் செராமிக் பூசிய பானெட்டில் விழுந்தவை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரின் மொத்தப் பெயின்ட்டே, அடிப்பூச்சிலிருந்து மேலே இருக்கும் கிளியர் கோட் வரை சேர்த்து, ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். நான் ஒட்டிய பி.பி.எஃப்., அதாவது பெயின்ட்டைக் காக்கும் ஃபிலிம், தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது, சுமார் 200 மைக்ரான். பெயின்ட்டைவிடத் தடிமனான ரப்பர் தோல் ஒன்றைப் போர்த்துகிற மாதிரி. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணலிலிருந்து காப்பாற்ற ஒட்டிய டேப்பின் வாரிசு இது.

ஒட்டுவதற்கு முன்னால் புள்ளிகளை அடைக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் பெயின்ட் எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்கினேன். குப்பியோடு வந்த பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பல்குத்தும் குச்சியால் வைத்தேன். பிரஷ் குழியைச் சுற்றிப் பூசி அசிங்கமாக்கிவிடும். குச்சி நுனியில் ஒரு துளி எடுத்துக் குழியின் நடுவில் தொட்டால் அது தானாகப் பரவும். காயவிட்டு இன்னொரு துளி. ஜூன் மாதம், கராஜில் 20 டிகிரி இருந்தபோது செய்தேன். குளிரில் இந்த வேலை வேண்டாம், பெயின்ட் காயவே காயாது.

ஃபிலிம் ஒட்டியது 2020 செப்டம்பரில், வடகிழக்குக் கால்கரியில் ஒரு பஞ்சாபிக்காரரின் கடையில். பம்பர், பானெட் முழுதும், முன் ஃபெண்டர் இரண்டும், பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடிகள், முகப்பு விளக்குகள். 2,100 டாலர், அதற்கு மேல் ஐந்து சதவீத வரி. பானெட்டின் முன்பாதிக்கு மட்டும் ஒட்டினால் 800-இல் முடியும் என்றார். கடையிலேயே அப்படி ஒட்டிய வெள்ளை வண்டி ஒன்று நின்றது. பாதி பானெட்டில் ஃபிலிம் முடிகிற இடத்தில் குறுக்கே அழுக்கு பிடித்து ஒரு கறுப்புக் கோடு, வேட்டிக் கரை மாதிரி. அதைப் பார்த்துத்தான் முழுதாகப் போகச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். சோப்புத் தண்ணீரைப் பானெட்டிலும் ஃபிலிமின் பசைப் பக்கத்திலும் அடித்து, இரண்டு பேர் படுக்கை விரிப்பைப் பிடிக்கிற மாதிரி நான்கு மூலையும் பிடித்து இறக்கினார்கள். மிதக்கும்போதே இழுத்துச் சரிபார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஓரங்களைக் கத்தரிக்காமல் உள்பக்கம் மடித்து ஒட்டினார்கள். இது முக்கியம், கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சின்னச் சின்னத் தண்ணீர்க் கொப்புளங்கள் தெரிந்தன, பதறினேன். இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் காய்ந்து போயின. ஒட்டி ஒரு வாரம் கழுவக் கூடாது.

முதல் குளிர்காலம் முடிந்து பார்த்தபோது முன்பக்கம் ஒரு புதுப் புள்ளிகூட இல்லை. சந்தோஷமாகக் கழுவிக்கொண்டே பக்கவாட்டுக்கு வந்தேன். பின்கதவின் கீழ்ப்பகுதியும் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவும் உப்புத்தாள் தேய்த்த மாதிரி மங்கிக் கிடந்தன. இதை எந்த லாரியும் செய்யவில்லை. என் முன் டயர்களே செய்த வேலை. குளிர்கால டயரில் ஆழமான பள்ளங்களும் நுணுக்கமான வெட்டுகளும் இருப்பதால் கல்லை நன்றாகக் கவ்வும், கவ்வியதைப் பின்னால் வீசும். 'முன்பக்க முழுப் பாதுகாப்பு' என்று விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

90 டாலருக்குச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்ஃப்ளாப் நான்கு வாங்கி நானே மாட்டினேன். கதவுகளுக்குக் கீழே இருக்கும் பட்டைக்கும் அந்த வளைவுக்கும் ஃபிலிம் ஒட்ட 350. போட்ட காசுக்கு அதிகம் திரும்பக் கொடுத்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்த மட்ஃப்ளாப்பைத்தான் சொல்வேன். ஃபிலிம் வாங்கப் பணம் இல்லையென்றாலும் அதையாவது மாட்டுங்கள்.

ஃபிலிம் தானாக ஆறிக்கொள்ளும் என்று விளம்பரம் செய்கிறார்கள். பாதி உண்மை. கழுவும்போது விழும் மெல்லிய கீறல்கள் ஜூன் வெயிலில் காணாமல் போகின்றன, நானே பார்த்தேன். கல் குத்திய குழி ஆறாது.

ஓட்டையும் விழும். 2023 பிப்ரவரியில், மேலே சொன்ன மாதிரி ஒரு சினூக் நாளில், 'டப்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பானெட்டில் நகம் அளவுக்கு ஃபிலிம் கிழிந்து, கீழே பெயின்ட்டும் பெயர்ந்திருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். பானெட் முழுவதையும் மாற்ற வேண்டும், 700 ஆகும், அவசரமில்லை என்றார். விட்டுவிட்டேன். கிழிசலுக்குள் அழுக்கு ஏறி இரண்டு வருடம் அங்கே ஒரு கறுப்புப் பிறை இருந்தது.

கழுவுவதில் ஒரு தப்பு செய்தேன். பிரஷர் குழாயைப் பம்பர் மூலைக்குப் பக்கத்தில் வைத்து அடித்ததில் ஃபிலிமின் ஓரம் எழும்பிவிட்டது. ஒரு முழம் தள்ளி, நேராக அடிக்க வேண்டும். ஓரத்தை நோக்கிச் சாய்த்து அடித்தால் உரித்துக்கொண்டு வரும். குளிரில் கழுவினால் கதவு ரப்பரைத் துடைத்துவிட்டுக் கதவுகளை நான்கு முறை திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் காலையில் கதவு திறக்காது. ஃபிலிமுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் பட்டவன் சொல்கிறேன்.

முன் கண்ணாடியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஐந்து வருடத்தில் இரண்டு மாற்றியாயிற்று. அதற்கு இந்த ஃபிலிம் உதவாது. கோடையில் கடைவாசல் வண்டி நிறுத்தங்களில் கூடாரம் போட்டுக் கண்ணாடிக் குழிகளைப் பிசின் ஊற்றி அடைத்துத் தருகிறார்களே, அங்கே சின்னதாக இருக்கும்போதே போய்விடுங்கள்.

2025 மே மாதம் ஃபிலிமை உரித்தேன். ஓரங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. இன்னும் சில வருடம் விட்டால் பசை இறுகிப்போய்த் துண்டு துண்டாகத்தான் வரும் என்று கடைக்காரரும் சொன்னார். நீராவிக் கருவியை வாடகைக்கு எடுத்து, சூடாக்கிச் சூடாக்கி, மேலே தூக்காமல் படுக்கைவசமாகப் பின்னோக்கி இழுத்தேன். மெதுவாக இழுத்தால் பசை ஃபிலிமோடு வருகிறது, அவசரப்பட்டால் காரிலேயே தங்கிவிடுகிறது. காலையில் ஆரம்பித்து ஆறு மணி நேரம். ஒருமுறை மறுபெயின்ட் அடித்த வண்டி என்றால் இதை நீங்களே செய்யாதீர்கள், பெயின்ட்டும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு.

உள்ளே பானெட் வாங்கின நாள் நிறத்தில் இருந்தது. புதிதாக இரண்டே அடி. ஒன்று அந்தப் பிறை, இன்னொன்று ஓரத்தில். நான் பல்குத்தும் குச்சியால் வைத்த 43 புள்ளிகளும் பத்திரமாக அப்படியே இருந்தன. அவற்றையும் ஃபிலிம் ஐந்து வருடம் காப்பாற்றியிருக்கிறது. ஃபிலிம் போடாத கூரையின் முன்விளிம்பில் 17 குழிகள், ஒன்றில் துரு. அங்கேயும் ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

உரித்த ஃபிலிமை மகள் கராஜ் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு. ஃபிலிம் முழுக்க நுண்ணிய வெள்ளைத் தழும்புகள், இட்லித் துணியில் மாவு ஒட்டின மாதிரி. 150 வரை எண்ணிவிட்டு, "போதும்பா" என்று கீழே போட்டுவிட்டாள்.

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசி வாரத்துக்கு அதே கடையில் நேரம் வாங்கினேன். முன்பக்கம் பழையபடி, கூடவே கூரையின் முன்விளிம்பில் நான்கு அங்குலப் பட்டை. முகப்பு விளக்குகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளாஸ்டிக் மங்கினால் தேய்த்துக்கொள்ளலாம். அந்த 43 புள்ளிகளை ஒட்டுவதற்கு முன்னால் ஒழுங்காகப் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். விலையைக் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்றேன்.