பழைய நகரத்தில் நடக்க யாரைக் கூட்டிப் போவது?

'இலவச வாக்கிங் டூர்' என்று குடை பிடித்து நிற்பவரிடமிருந்தே தொடங்குகிறேன். நம்மை அதிகம் குழப்புவது அந்த 'இலவசம்'தான். முன்கட்டணம் கிடையாது, முடிவில் மனதுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்பார்கள். பல நகரங்களில் இந்த கைடுகளுக்குச் சம்பளமே இல்லை, டிப்ஸ்தான் வருமானம். போதாததற்கு, வந்த ஆட்களைத் தலை எண்ணி நிறுவனத்துக்கு அவரே ஒரு தொகை கட்டும் ஏற்பாடும் உண்டு. நடுவில் நழுவுகிறவர் அவர் பையில் கைவைத்த மாதிரி.

இந்தக் கணக்கு கதையையும் மாற்றிவிடுகிறது. கூட்டம் சிரித்தால்தான் காசு விழும். அதனால் பேய்க்கதையும் அரண்மனைக் கிசுகிசுவும் முன்னால் வரும், மதில் எப்போது எழும்பியது என்பது பின்னால் போகும். பொழுது நன்றாகப் போகும், மறுக்கவில்லை. ஆனால் முப்பது பேருக்கு நடுவில் சந்தேகம் கேட்க முடியாது.

பணம் கட்டிச் சேரும் சிறு குழுவில் அதுதான் லாபம். எட்டுப் பத்துப் பேர் என்றால், 'இந்தச் சுவரில் மட்டும் ஏன் வேறு கல்?' என்று குறுக்கே கேட்கலாம். லண்டனின் 'புளூ பேட்ஜ்' கைடுகள் பயிற்சி பெற்று, தேர்வில் தேறி அந்த வில்லையை வாங்கியவர்கள். கேள்விக்கு மழுப்பல் வராது. குறை ஒன்று உண்டு: நடை வேகம் நம் கையில் இல்லை. முழங்கால் வலிக்காரருக்குக் கருங்கல் பாவிய தெருவில் இரண்டரை மணி நேரம் தண்டனைதான்.

அவர்களுக்கு ஆடியோ கைடு உத்தமம். வேண்டிய இடத்தில் நிறுத்தி, உட்கார்ந்து, மறுபடி கேட்கலாம். அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிக் ஸ்டீவ்ஸின் செயலியில் ரோம், பிளாரன்ஸ் நடைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் சாரம் கட்டி மூடிய கோபுரத்தின் முன் நின்றாலும் 'மேலே உள்ள சிற்பத்தைப் பாருங்கள்' என்றுதான் அது சொல்லும்.

சில ஊர்களில் அதுவும் தேவையில்லை. பாஸ்டனில் 'ஃப்ரீடம் டிரெயில்' என்று ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்குத் தரையிலேயே சிவப்புக் கோடு. அதன் வழியே நடந்தால் 16 வரலாற்று இடங்கள். 1951-இல் ஒரு பத்திரிகையாளர் சொன்ன யோசனை அது. ஜெர்மனியின் ஹனோவரிலும் இப்படி ஒரு சிவப்புக் கோடு உண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாதது 'கிரீட்டர்' முறை. 1992-இல் நியூயார்க்கில் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. உள்ளூர்த் தன்னார்வலர் தன் பேட்டையைச் சுற்றிக் காட்டுவார், டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ராஜா காலத்துக் கதைக்கு இது சரிப்படாது. இன்றைய தெருவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என் தேர்வு சிறு குழுதான், அதுவும் போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே. கடைசி நாளுக்குத் தள்ளினால், கைடு 'உள்ளே போய்ப் பாருங்கள்' என்று கைகாட்டிய இடத்துக்கெல்லாம் போக நேரம் இருக்காது.