தொடையை மட்டும் குறைத்துத் தருகிறோம் என்றால் டேப்பைக் கவனியுங்கள்

"12 வாரத்துல தொடையில மட்டும் மூணு இஞ்ச் குறைச்சுடலாம் மேடம், எழுத்துலயே தர்றோம்" என்றார்கள் ஒரு ஸ்லிம்மிங் சென்டரில். எழுத்திலும் தந்தார்கள். அந்தத் தாளை நம்பி பேக்கேஜுக்கு முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டினேன். 12 வாரம் முடிந்தது. அவர்கள் பதிவேட்டின்படி என் தொடை மூன்றேகால் இஞ்ச் குறைந்துவிட்டது. என் பழைய ஜீன்ஸுக்கு மட்டும் இந்தச் சேதி எட்டவில்லை. இடுப்பில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது, தொடையில் அதே இறுக்கம்.

அன்றிரவு வீட்டில் நானே அளந்தேன். உண்மையில் குறைந்திருந்தது அரை இஞ்சுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மீதி கிட்டத்தட்ட இரண்டே முக்கால் இஞ்ச் எங்கே போனது என்று யோசித்தபோதுதான் முதல் நாள் அளந்த விதம் நினைவுக்கு வந்தது. அன்று மாலையில், பிட்டத்துக்குச் சற்றுக் கீழே, தொடை மிகப் பருத்திருக்கும் இடத்தில் டேப்பை லேசாகப் போட்டு எடுத்தார்கள். கடைசி நாள் அளந்ததோ காலையில், சதையில் கோடு விழும் அளவுக்கு இழுத்து, நாலு விரற்கடை கீழே. தொடை புனல் மாதிரி. டேப் இறங்க இறங்க அளவு தானாகக் குறையும், யாரும் வியர்வை சிந்தத் தேவையில்லை.

நான் சிந்தியதும் கொஞ்சம் உண்டு. அளப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் தாளைத் தொடையில் இறுகச் சுற்றி, மேலே சூடான போர்வை போடுவார்கள். 'கொழுப்பு கரைகிறது' என்பார்கள். வெளியே வந்தது வியர்வை. கட்டின இறுக்கத்தில் சதையிலிருந்த நீரும் சற்று நகர்ந்திருக்கும். நாலு வாய் தண்ணீர் குடித்து, சில மணி நேரம் நடமாடினால் பழைய அளவு திரும்பிவிடும்.

உடற்பயிற்சி என்ற பெயரில் தினம் 300 தடவை தொடையை விரித்து மூடும் மெஷின். தசை எரிந்தது, அதைக் கொழுப்பு எரிவதாக நினைத்துக்கொண்டேன். வேலை செய்யும் தசை பக்கத்துக் கொழுப்பை மட்டும் பிடுங்கித் தின்பதில்லை. கொழுப்பு செல்களில் இருப்பது கொழுப்பு அமிலமாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் தசைக்கு ஒன்றுதான். 1971-இல் டென்னிஸ் வீரர்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆடும் கையில் தசை பெரிதாக இருந்ததே தவிர, தோலுக்கடியிலிருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கைகளிலும் ஒன்றாகத்தான் இருந்தது. 1984-இல் இன்னொரு ஆய்வில் சில ஆண்களை 27 நாளில் 5,004 சிட்-அப் எடுக்க வைத்தார்கள். (பாவம்.) வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலும் கொழுப்பு செல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுருங்கியிருந்தன. இதையெல்லாம் நான் பணம் கட்டிய பிறகுதான் படித்தேன்.

எங்கே முதலில் குறையும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. பெண்கள் பலருக்கு இடுப்பின் கீழும் தொடையிலும் உள்ள கொழுப்பு கடைசியில்தான் அசையும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஆறு கிலோ இறங்கியது உண்மை. ஆனால் முதலில் கன்னம் ஒட்டியது, பிறகு மார்பு, பிறகு மேல்கை. பார்த்தவர்களெல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

இதில் டயட் சார்ட்டின் பங்கும் உண்டு. பட்டினிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாடு, அதில் புரதம் பேருக்குத்தான். தம்பெல் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு "வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க மேடம்" என்றார் டிரெயினர். எடை தூக்காமல் இப்படி வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எனக்குக் கிடைத்தது புது வடிவம் இல்லை, அதே வடிவத்தின் சின்ன, தொளதொளப் பதிப்பு. ஸ்குவாட்டும் தம்பெல்லும் தொடைக் கொழுப்பைத் தனியாகக் குறைக்காது, ஆனால் இளைக்கும்போது தசையைக் காப்பாற்றும். வடிவம் என்று நாம் சொல்வதில் பாதி அந்தத் தசைதான். இடுப்பெலும்பின் அகலத்தை மாற்ற எந்தப் பயிற்சியாலும் முடியாது.

அப்படியும் சேரப் போகிறீர்களென்றால் ஒன்று செய்யுங்கள். முதல் நாள் உங்கள் டேப்பில், முழங்கால் சிப்பியின் மேல் விளிம்பிலிருந்து இத்தனை செ.மீ. என்று குறித்து, அந்த இடத்தில் நீங்களே அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். எப்போதும் அதே நேரம், பயிற்சிக்கும் சுற்றுக்கட்டுக்கும் முன்னால். அவர்கள் நீட்டும் அளவுத்தாளில் உங்கள் எண்ணோடு ஒத்துப்போனால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டதே அந்தக் கையெழுத்தில்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மேனேஜர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். 12 வாரம், 12 கையெழுத்து, எல்லாம் என்னுடையவை. "எங்க ரெக்கார்டுல குறைஞ்சிருக்கே மேடம்" என்றவர், என் மேல்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்க கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. பழைய கஸ்டமர்னு ஆஃபர் போட்டுத் தர்றேன், இந்தத் தடவ கைய எடுத்துக்கலாமா?"