பார்ட்டி தீவில் ஓய்வு: இபிசாவின் வடக்குப் பக்க ரிட்ரீட் எப்படி இருந்தது

ஸ்பெயினின் பார்ட்டி தீவான இபிசாவுக்குத் தனியாகப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். தீவின் வடக்குப் பக்கமாகப் பார்த்துப் போங்கள், மே மாதத்திலோ அக்டோபரிலோ போங்கள். நல்ல அறை, நல்ல சாப்பாடு, நல்ல யோகா ஆசிரியர், இந்த மூன்றுக்கும் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். அதற்கு மேல் அங்கே விற்கப்படும் எதற்கும் நான் ஒரு யூரோகூடத் தரமாட்டேன்.

நான் லண்டனில் நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி. இரவுப் பணி தொடர்ந்து பார்த்துப் பார்த்து, பகலிலும் தூக்கம் வராத நிலைக்கு வந்த பிறகுதான் இந்தப் பயணத்துக்குப் பணம் சேர்த்தேன். தங்குமிடம், சாப்பாடு, யோகா எல்லாம் சேர்த்துத் தரும் ஓய்வு முகாம்தான் ரிட்ரீட். அப்படித் தங்கிய வீட்டின் பெயரை எழுதவில்லை. அங்கே மனம் நிறைந்த விஷயங்களும் உண்டு, கடும் கோபம் வந்த விஷயங்களும் உண்டு. அதே வகை வீடுகள் அந்தப் பக்கம் நிறைய இருப்பதால், எதைக் கேட்டு, எதைப் பார்த்துத் தேர்வு செய்வது என்று தெரிந்தாலே போதும்.

அக்டோபர் தொடக்கம் என்பது கிளப்புகள் சீசனை முடிக்கும் நேரம். லண்டனிலிருந்து இரண்டரை மணி நேரம் விமானம். கடைசி பார்ட்டிகளுக்குப் போகிறவர்கள்தான் முக்கால்வாசி இருக்கைகளில். விமான நிலையம் தீவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. அவர்கள் இபிசா நகரத்துக்கும் பிளாயா டென் போசாவுக்கும் சான்ட் அன்டோனிக்கும் பிரிந்து போனார்கள், நான் டாக்ஸி பிடித்து வடக்கே சான்ட் ஜுவான் பக்கம் போனேன். முப்பது கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். ஆனால் பாதி வழியிலேயே விளம்பரப் பலகைகள் நின்றுபோய், சிவப்பு மண்ணும் பைன் மரங்களும் மட்டுமே மிஞ்சுகின்றன. இரவில் வாசலில் நின்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

தங்கியது 'ஃபிங்கா' என்று அங்கே சொல்லும் பழைய பண்ணை வீடு. கனத்த வெள்ளைச் சுவர், சின்னச் சின்ன ஜன்னல், தட்டையான கூரை. சபீனா என்ற மரத்தின் உத்தரங்களைப் போட்டு, பலகை அடுக்கி, அதன் மேல் காய்ந்த கடற்புல்லையும் களிமண்ணையும் பரப்பிக் கட்டுவதுதான் அந்த ஊர் முறை. கூரையில் விழும் மழைநீர் வீட்டுத் தொட்டிக்குப் போய்ச் சேரும். வெயில் உள்ளே வராது, வெளிச்சமும் குறைவு. தூக்கம் கெட்டவர்களுக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இபிசா ஏறத்தாழ லண்டனுக்கு நேர் தெற்கே இருந்தாலும், கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. அதனால் அக்டோபரில் சூரியன் காலை எட்டு மணிவாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. முதல் யோகா வகுப்பே எட்டரைக்குத்தான். வந்து சில நாட்களில் இரவு முழுவதும் விழிப்பே இல்லாமல் தூங்கினேன். மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. இந்தப் பயணத்துக்கு நான் கொடுத்த பணம் அந்த ஒரு இரவிலேயே திரும்பி வந்துவிட்டதாக நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

யோகா ஆசிரியை ஸ்பானிஷ்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவரிடமும் பழைய காயம் உண்டா, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டார். நான் முழங்கால் வலியைச் சொன்னதும், அதன் பிறகு எந்த ஆசனத்திலும் என் முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைக்க மறக்கவே இல்லை. நோயாளிகளை மாற்றி மாற்றிப் படுக்கையில் தூக்கிப் படுக்கவைத்துப் பழகிப்போன என் உடம்புக்கு இதுவரை யாரும் அவ்வளவு கவனம் கொடுத்ததில்லை.

சாப்பாடு முழுக்கச் சைவம், பாலும் கிடையாது. பருப்பு, கத்தரிக்காய், தக்காளி, பாதாம், அத்தி, ஆலிவ் எண்ணெய். ருசி நன்றாகவே இருந்தது, அளவும் போதும். குழாய்த் தண்ணீர் மட்டும் உப்பு. தீவில் பல இடங்களில் அப்படித்தான், அதனால் வடிகட்டிய தண்ணீர் தருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

இனி கோபத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி நிரலில் ஒரு நாள் முழுக்கச் சாறு மட்டும்தான். வெள்ளரி, செலரி, இஞ்சி. உடம்பிலுள்ள நச்சையெல்லாம் வெளியேற்றும் என்று விளக்கம் வேறு. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு நாள் பட்டினி இருப்பதால் ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடாது, சரி. ஆனால் பதிவுப் படிவத்தில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்வியே இல்லை. எங்கள் குழுவில் ஒரு அம்மா சர்க்கரைக்கு கிளிக்லசைடு போடுகிறவர். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு கிடுகிடுவென இறங்கும். மதியத்துக்குள் அவருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. 'நச்சு வெளியேறும் அறிகுறிதான், படுத்துக்கொள்ளுங்கள்' என்றார் பொறுப்பாளர். நான் சமையலறைக்கு ஓடி, ஒரு தம்ளர் ஆரஞ்சு சாற்றில் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார். அப்புறம் ரொட்டி கொடுத்துச் சாப்பிடவைத்தேன். பக்கத்தில் மருத்துவம் தெரிந்த ஆள் இல்லாத வீட்டில் இது எங்கே போய் முடிந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பொதுமருத்துவமனை கான் மிசெஸ், இபிசா நகரத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் தீவைக் குறுக்கே கடந்து வர வேண்டும்.

வரவேற்பு மேசையில் இன்னொரு துண்டுச்சீட்டு இருந்தது. அறைக்கே வந்து நரம்பில் வைட்டமின் ட்ரிப் ஏற்றுவார்களாம். இரவெல்லாம் ஆடிக் களைத்தவர்களுக்காகத் தொடங்கிய வியாபாரம், இப்போது ரிட்ரீட் பக்கமும் வந்துவிட்டது. வாயால் சாப்பிட முடிகிற ஆரோக்கியமான ஆளுக்கு வைட்டமினுக்காக நரம்பில் ஊசி குத்த எந்தக் காரணமும் இல்லை. ஊசி குத்தும் ஒவ்வொரு முறையும் கிருமித் தொற்றுக்கு வழி திறக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

வெளியே கூட்டிப்போன இடங்களில் கலா டோர்ட் கடற்கரை மறக்க முடியாதது. எதிரே கடலுக்குள்ளிருந்து 400 மீட்டர் அளவுக்கு எஸ் வெத்ரா பாறை எழுந்து நிற்கிறது. பூமியிலேயே காந்தசக்தி மிகுந்த இடங்களில் ஒன்று, அந்தச் சக்தியை உள்வாங்குங்கள் என்றார் வழிகாட்டி. அது சுண்ணாம்புப் பாறை. அப்படி ஒரு காந்தசக்தியை யாரும் அளந்து காட்டியதில்லை. மாலை வெயிலில் அந்தப் பாறையின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமான நிம்மதி, அதற்குக் கட்டணமும் கிடையாது.

தானித் தேவி சடங்கு என்று ஒன்றைத் தனிக் கட்டணத்தில் விற்றார்கள். நான் அதற்குப் போகாமல், வடகிழக்கே எஸ் கூயெராம் குகையைப் பார்க்கக் கிளம்பினேன். இன்றைய லெபனான் பக்கத்துப் பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் குடியேறிய தீவு இது. அவர்களுக்குப் பின் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக்காரர்கள் வணங்கிய தெய்வம்தான் தானித். 1907இல் இந்தக் குகையைக் கண்டெடுத்தபோது சுடுமண் பெண்ணுருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. இன்றும் யாரோ பூவும் சங்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள். வயதும் நாடும் தெரியாத பெண்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எதை வேண்டிக்கொண்டு இந்த மேட்டை ஏறினார்களோ என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பார்ட்டிக்கும் இந்த ஓய்வு வியாபாரத்துக்கும் வேர் ஒன்றுதான் என்பது அங்கே போன பிறகு எனக்குப் புரிந்தது. அறுபதுகளில் இங்கே வந்து தங்கிய ஹிப்பிகள் யோகாவையும் கொண்டுவந்தார்கள், இரவெல்லாம் இசையையும் கொண்டுவந்தார்கள். பாச்சா கிளப் 1973இல் திறந்தது. 1976இல் தொடங்கிய அம்னீசியாவும் முதலில் ஒரு பண்ணை வீடுதான். சான்ட் கார்லெஸ் ஊரில் லாஸ் டாலியாஸ் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்களைப் பார்க்கலாம். தோல் செருப்பு, வெள்ளி மோதிரம், துணி. விலை அதிகம். ஒரு சுற்று சுற்றினால் போதும்.

எனக்கு மனம் நிறைந்தது கடலில்தான். சான்ட் ஜுவானுக்குப் பக்கத்தில் கலா ஷராக்கா என்ற சின்ன வளைகுடா. அக்டோபரிலும் தண்ணீரில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கிறது. நீச்சல் கண்ணாடி போட்டுத் தலையைக் கவிழ்த்தால், கீழே பொசிடோனியா புல்வெளி அலையோடு சாய்ந்து நிமிர்கிறது. பாசி இல்லை அது, பூப்பூத்துக் காய்க்கும் உண்மையான தாவரம். இந்த இனம் மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் வளராது. மண்ணைப் பிடித்து நிறுத்துவதால்தான் தண்ணீர் அப்படித் தெளிந்து கிடக்கிறது. 1999இல் இபிசாவுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்ததில் இந்தப் புல்லுக்கும் பங்கு உண்டு. அதன் மேல் படகுகள் நங்கூரம் போட இப்போது சட்டப்படி தடை. கரையில் பழுப்பாகக் குவிந்து கிடக்கும் இலைகளைக் குப்பை என்று புகார் செய்யாதீர்கள், மணல் அரித்துப்போகாமல் காப்பவை அவைதான்.

கடைசியில் ஒரு நாள் தெற்கே செஸ் சலினெஸ் போனேன். உப்பளம். பாத்தி பாத்தியாக இளஞ்சிவப்புத் தண்ணீர், வரப்பு, தூரத்தில் வெள்ளைக் குவியல், தண்ணீரில் பூநாரைகள். எங்கள் தூத்துக்குடி உப்பளங்கள் இருக்கும் முத்தையாபுரம் பக்கம் போய் நின்ற மாதிரியே இருந்தது. பினீசியர் காலத்திலிருந்து இங்கே உப்பு விளைகிறது. இப்போது அறுவடை இயந்திரத்தில். எங்கள் சித்தி வருடக்கணக்காகத் தலையில் உப்பைச் சுமந்தவள், உள்ளங்கால் வெடிப்பும் கண் கூச்சமும் அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை. இந்த உப்பைச் சின்னப் பீங்கான் குப்பியில் அடைத்து விமான நிலையக் கடையில் விற்கிறார்கள். நான் ஒன்று வாங்கினேன், சித்தி மகளுக்கு.

தனியாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தனி அறை என்றால் நாளுக்கு 200 யூரோவைத் தாண்டியது. பகிர்ந்தால் நல்ல தள்ளுபடி உண்டு, ஆனால் தூக்கத்துக்காகப் போகிறவர் பகிர வேண்டாம். இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் தனியாகக் கட்ட வேண்டும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை அது குறைவு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டனில் குடியிருப்பு அனுமதி இருந்தாலும் ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும். வடக்கில் பஸ் குறைவு, இரவில் டாக்ஸி கிடைப்பது கடினம், ஆகவே திரும்பும் வண்டியை முன்பே பேசி வையுங்கள். பெண்ணாகத் தனியாக நடந்தபோது எங்கும் எனக்குப் பயம் தோன்றவில்லை. சில வளைகுடாக்களில் மட்டும் போனில் சிக்னல் இல்லை.

உணவகங்களில் ஒரு சிக்கல். புயித் தே பெய்ஷ் என்ற மீன் குழம்பை உருளைக்கிழங்கோடு முதலில் தருவார்கள், அதே மீன் சாற்றில் வெந்த சோறு அடுத்து வரும். இதைச் சாப்பிடாமல் தீவைவிட்டு வரக்கூடாது. ஆனால் பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து சமைக்க மாட்டார்கள். நானும் ரிட்ரீட்டுக்குத் தனியாக வந்திருந்த ஒரு டச்சுப் பள்ளி ஆசிரியையும் சேர்ந்து போய்ச் சாப்பிட்டோம். அந்தச் சோறு, அடடா.

ஊர் திரும்பியதும் அந்த வீட்டுக்காரர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. படிவத்தில் மருந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம் பற்றிய கேள்விகளைச் சேர்த்துவிட்டார்கள், புதிய படிவத்தையும் அனுப்பியிருந்தார்கள். சாறு நாள் அப்படியே தொடர்கிறது. முன்பதிவு செய்யும்போது, அந்த நாளில் எனக்கு வழக்கமான சாப்பாடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.