ஹட்டனில் ஒரு தோல் பட்டறை: பழைய பைக்குப் புதுச் சாயம்

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் செக்ரோல் எனும் தொழிலாளர் வரவுப் புத்தகத்தை வைத்துக் கொண்டுபோன தோல்பை, ஹட்டன் நகரில் படியிறங்கிப் போக வேண்டிய ஒரு சிறிய பட்டறையில் சாயமேற்றப்பட்டு என் கைக்கு வந்து மூன்று மாதங்களாகின்றன. மூன்றும் மழை மாதங்கள் என்பதால் அந்த வேலையைப் பற்றி இப்போது துணிந்து எழுதலாம்.

இதே பையை முன்பு வேறோர் ஊரில் கொடுத்திருந்தேன். காலையில் வாங்கியவர் மாலையிலேயே பளபளப்பாகத் திருப்பித் தந்தார்; மறுநாள் பாடசாலையில் என் வெள்ளைச் சேலையின் இடுப்புப் பக்கம் முழுவதும் பழுப்பாகியிருந்தது. சாயம் காய்வதற்கு முன்பே, மேலே தங்கிய தூளைத் துடைக்காமல் மெருகைப் பூசிவிட்டிருந்தார்.

ஹட்டன் பட்டறைக்காரரோ முதல் நாள் சாயப் போத்தலைத் திறக்கவேயில்லை. பையின் மூடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது முத்தாக நின்றது. பழைய மெருகு இருக்கும்வரை சாயம் உள்ளே இறங்காது என்று சொல்லி, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் அதை உரித்தெடுத்தார். அதன்பின் விட்ட சொட்டு உடனே ஊறி, தோலில் கறுத்த வட்டமாகப் பரவியது. அடுத்த நாள் ஸ்பிரிட் சாயத்தை மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் திசை மாற்றித் தேய்த்தார். ஒரு நாள் காய்ந்தால் போதுமென்றாலும் இந்த மூடுபனியில் இரண்டு நாள் விட்டார். “அவசரப்பட்டா சாயம் உங்க சேலைக்குத்தான் போகும், டீச்சர்” என்றார். பிறகு உலர்ந்த துணியால் துடைக்கத் தொடங்கியவர், நான்காவது துணி வெள்ளையாகவே திரும்பி வந்த பிறகுதான் நிறுத்தினார்.

ஸ்பிரிட் தோலை வறட்டிவிடுவதால் அடுத்து எண்ணெய். அதுவும் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், கொஞ்சமாக. நான் முன்பு தேங்காய் எண்ணெய் பூசிய கதையைக் கேட்டுச் சிரித்தார். சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். எங்கள் ஊர்க் காலைக் குளிரில் பையின் மேல் வெண்படலமாக நின்றது அதனால்தான். எண்ணெய் ஓர் இரவு ஊறிய பின், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த அக்ரிலிக் மெருகை இரண்டு முறை பூசினார். மெழுகின் மேல் மெருகு ஒட்டாது என்பதால் தேன்மெழுகு கடைசியில் வந்தது.

தோள்வாருக்கு அவர் கறுப்புச் சாயமே வாங்கவில்லை. வினாகிரியில் ஊறவைத்த இரும்பாணிகளின் நீரைத் தடவினார். மரப்பட்டையில் பதனிட்ட தோலிலுள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர, சில நிமிடங்களில் வார் கறுத்தது. சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேநீர், பட்ட இரும்புக் கத்தி கறுப்பதும் இப்படித்தான். நிறம் தோலிலேயே உண்டாவதால் அந்த வார் இன்றுவரை துணியில் ஒட்டவில்லை.

குறைகளும் உண்டு. எட்டு நாள் என்றவர் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார், பற்றுச்சீட்டும் தரவில்லை. வாரின் விளிம்பை மட்டும் முன்கூட்டியே மெழுகிட்டதால், கொளுவியின் அருகே விரலகலத்துக்கு மெருகு உரிந்துவிட்டது. தாமே சொன்ன ஒழுங்கை அவர் மீறிய ஒரே இடம் அது. கொண்டுபோய்க் காட்டியபோது மறுபேச்சின்றி முழுவதையும் உரித்து, கூலி வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தார். நாளைக்கே வேண்டுமென்பவர்கள் அங்கே போக வேண்டாம்; நான் அடுத்து அப்பாவின் இடுப்புப் பட்டியைக் கொடுக்கவிருக்கிறேன்.