பழைய 911 ஜிடி3, டர்போ கூலன்ட் பைப்: பின் அடிக்கிறதா, வெல்டு வைக்கிறதா?

பழைய போர்ஷே 911 ஜிடி3யோ டர்போவோ வாங்கி ரேஸ் டிராக்ல ஓட்டணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் மொதல்ல தேடுறது பெரிய ரேடியேட்டர், லோ டெம்ப் தெர்மோஸ்டாட் (கூலன்ட ரேடியேட்டருக்குத் திறந்து விடுற வால்வு). அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், உள்ள இருக்கிற கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்ட ஆத்துற திரவம், வெளிய போகாம இருக்குமான்னு மொதல்ல பாருங்க. 996, 997ங்கிறது 911ஓட தலைமுறை நம்பர். 996, 997 ஜிடி3லயும், 996 டர்போலயும், 2009 வரைக்கும் வந்த 997 டர்போலயும் இருக்கிறது மெட்ஸ்கர்னு சொல்ற இன்ஜின். அதுல கூலன்ட் பைப் முனைய அலுமினிய ஹவுசிங்குக்குள்ள சொருகி எபாக்ஸி போட்டு ஒட்டி விட்டிருக்காங்க. ஆமாங்க, பசை தான், அந்த விலை வண்டில.

வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி பசை விட்டுப்போச்சுன்னா சில வண்டில லேசா கசிஞ்சு காஞ்ச கறை மட்டும் தெரியும், சில வண்டில ஒரு அறிகுறியும் இல்லாம பைப்பே பிடுங்கிக்கிட்டு வந்துடும், இன்ஜின் பின்னாடி இருக்கிறதால கொட்டுற கூலன்ட் நேரா பின் டயருக்குத் தான் போகும். கூலன்ட்ல கலந்திருக்கிற கிளைகால், தண்ணி மாதிரி சட்டுனு காயாது, பின்னாடி வர்றவனும் சேர்ந்து வழுக்குவான். டிராக் டே (சொந்த வண்டிய ரேஸ் டிராக்ல ஓட்டுற நாள்) நடத்துறவங்க சில பேர் கிளைகாலே கூடாதுங்கிறது இதனால தான்.

சரி, என்ன பண்ணலாம்? திரும்ப பசை போடுறது ஒரு வழி, ஒழுங்கா சுத்தம் பண்ணி ஒட்டுனா கொஞ்ச வருஷம் ஓடும், ஆனா இதுக்காக பெரும்பாலும் இன்ஜினையே இறக்கணும், அவ்ளோ கூலி குடுத்துட்டு மறுபடி பசையான்னு எனக்கு மனசு வரல.

பின் அடிக்கிறதுன்னா ஹவுசிங் வெளியிலேருந்து பைப் சுவர் வரைக்கும் டிரில் போட்டு, மரை வெட்டி, சீலன்ட் தடவி ஒரு சின்ன ஸ்க்ரூவ இறக்குறது. செலவு கம்மி. கசிவ அடைக்கிற வேலை இன்னும் அந்தப் பழைய பசைகிட்ட தான் இருக்கு, அது விட்டா ஒழுகும், ஆனா பைப் பிடுங்கிக்கிட்டு வராது, நீங்க மெதுவா பிட்டுக்கு (டிராக் ஓரமா வண்டிய நிறுத்திப் பாக்குற இடம்) வந்து சேந்துடலாம்.

வெல்டு வச்சா பசைக்கே வேலையில்ல, ஆனா யார் வைக்கிறாங்கங்கிறது தான் எல்லாமே. பைப்ப உருவி பழைய பசைய ஒரு துளி விடாம எடுக்கணும், மிச்சம் இருந்தா வெல்டுல ஓட்டை ஓட்டையா விழும். காஸ்டிங் அலுமினியம், அதுக்குள்ள ஊறின கூலன்ட் வேற சூட்டுல வெளிய வரும். சூட்டுல கேஸ்கட் உக்காருற முகம் வளைஞ்சா, அங்கேருந்து புதுசா ஒரு லீக். அதனால வெல்டு முடிஞ்சதும் முகம் சமமா இருக்கான்னு பாத்து, தேவைன்னா மெஷின்ல சீவி, பிரஷர் டெஸ்ட் பண்ணாம மாட்டாதீங்க. மரை போட்டு முறுக்குற மெஷின் பண்ணின ஃபிட்டிங்கும் கிடைக்குது, சூடே காட்ட வேண்டாம், பர்ஸ் தான் அழும்.

என்னோட ஓட்டு: டிராக் வண்டின்னா வெல்டு, நல்ல அலுமினிய வெல்டர் கிடைக்கலன்னா அந்த ஃபிட்டிங். ரோட்டுல மட்டும் ஓடுற வண்டிக்கு பின் போதும், கூலன்ட் லெவல மட்டும் அடிக்கடி பாத்துக்கோங்க.

இன்ஜின் கீழ இருக்கும்போதே ஹோஸையும் மாத்திடுங்க. சிலிக்கோன் ஹோஸ் பாக்க ஜோரா இருக்கும், அதுல சாதா ஸ்க்ரூ கிளாம்ப் போட்டா ஹோஸையே அறுக்கும், ஆறும்போது லூஸ் ஆகி சொட்டும். ஸ்பிரிங் கிளாம்ப் ஹோஸ் விரிஞ்சு சுருங்குறதுக்கு ஏத்த மாதிரி தானா பிடிச்சுக்கும், என் கணக்குல நல்ல ரப்பர் ஹோஸும் ஸ்பிரிங் கிளாம்பும் போதும்.

ரேடியேட்டர் கதை சின்னது. சாதா 996 மாடலான கரேராக்கு முன்னாடி ரெண்டு ரேடியேட்டர் தான், அதுக்கு நடுவுல மூணாவது போடுறது உருப்படியான மாத்தம். ஜிடி3, டர்போல அது கம்பெனிலேயே வருது, அதனால பம்பர கழட்டி ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைஞ்ச இலை தழைய எடுங்க, காசே இல்லாம டெம்பரேச்சர் இறங்கும். லோ டெம்ப் தெர்மோஸ்டாட் சீக்கிரம் திறக்கும், அவ்ளோ தான், சூட்ட வெளிய தள்ள வேண்டியது ரேடியேட்டர் தான்.

கடைசியா கூலன்ட் ஊத்தும்போது வேக்குவம் வச்சு நிரப்பச் சொல்லுங்க, முன்னாடி ரேடியேட்டருக்கும் பின்னாடி இன்ஜினுக்கும் அவ்ளோ நீள பைப், நடுவுல காத்து மாட்டுனா விடிய விடிய ஏர் எடுத்துட்டு உக்காந்திருக்கணும்.