காபர்னே சாவினியோனா, மெர்லோவா? முதலில் மண்ணைப் பாருங்கள்

சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகைகளான காபர்னே சாவினியோனும் மெர்லோவும் நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் பெற்றோரில் ஒன்று காபர்னே பிராங் என்னும் திராட்சை. காபர்னே சாவினியோனின் மறு பெற்றோர் சாவினியோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை என்பதை 1997இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. இந்த உறவை நம்பி இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே மாதிரி வளர்த்தால் நஷ்டம்தான்.

மெர்லோவுக்கு எல்லாமே அவசரம். முன்னதாகத் துளிர்க்கும், காபர்னே சாவினியோனைவிட (இனி காபர்னே) ஓரிரு வாரம் முந்திப் பழுக்கும். அறுவடைக்கால மழைக்கு முன்பே பழத்தைப் பறித்துவிடலாம் என்பது பெரிய நிம்மதி. அதற்கான விலையை வசந்தத்தில் கொடுக்க வேண்டும். 2017 ஏப்ரல் இறுதியில் பிரான்சின் போர்தோவில் இறங்கியதைப் போன்ற உறைபனியில் இளந்துளிர்கள் கருகிவிடும். பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் பூ உதிர்ந்து காய்பிடிப்பு குறையும். தோல் மெல்லியது என்பதால் ஈரப்பதத்தில் கொத்து அழுகும். அடிச்சாம்பல் நோயும் எளிதில் தாக்கும்.

காபர்னே தாமதமாகத் துளிர்ப்பதால் உறைபனிக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். சிறிய பழம், தடித்த தோல்; அழுகலை நன்றாகத் தாங்கும். சாம்பல் நோயும் தண்டைத் தாக்கும் பூஞ்சைகளும்தான் இதன் எதிரிகள். கவாத்து வெட்டுக்காயம் வழியாகவே அந்தப் பூஞ்சைகள் நுழைகின்றன என்பதால் மழை நாளில் கத்தரியைத் தொடாதீர்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை, பழம் முழுமையாகப் பழுக்குமா என்பது. அரைகுறையாகப் பழுத்தால் மெத்தாக்சிபைரசின் என்ற சேர்மம் குறையாமல் தங்கி, ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்கும். துவர்ப்பைத் தரும் டானினும் கரடுமுரடாக இருக்கும்.

இங்கேதான் மண் தீர்ப்புச் சொல்கிறது. சரளை நீரை உடனே வடித்துவிடும். பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்துக் கொடிக்குத் தரும். மெதுவாகப் பழுக்கும் காபர்னேவுக்கு அந்தச் சூடு வேண்டும். போர்தோவில் ஆற்றின் இடக்கரையில், மெடாக் பகுதியின் சரளை மேடுகளில் அது கோலோச்சுவது இதனால்தான். களிமண் ஈரத்தைத் தேக்கிக் குளிர்ந்தே கிடக்கும்; அங்கும் மெர்லோ பழுத்துவிடும். வலக்கரையின் பொமரோல், செயின்ட் எமிலியோன் பகுதிகள் அதற்குச் சான்று.

குளிர்ந்த களிமண் என்றால் நான் தயங்காமல் மெர்லோவை நடுவேன். சரளையும் நீண்ட, வறண்ட இலையுதிர் காலமும் இருந்தால் காபர்னேதான். இரண்டுக்கும் நடுவிலான நிலத்தில் முன்பெல்லாம் மெர்லோவையே பரிந்துரைத்திருப்பேன். இப்போது கோடை சுட்டெரிக்கும் ஆண்டுகளில் மெர்லோவில் சர்க்கரை மளமளவென ஏறி, அமிலம் சரிந்து, ஒயினின் ஆல்கஹால் 15 சதவீதத்தை எட்டிவிடுகிறது. காபர்னேவுக்கோ அதே வெப்பம் பழுக்கக் கைகொடுக்கிறது. இன்று நடும் கொடி பல பத்தாண்டுகள் நிற்கும் என்பதால், அத்தகைய நிலத்தில் இப்போது காபர்னேவையே கூடுதலாக நடச் சொல்வேன்.