பகலில் ஒரு டிராகுலா, இரவில் ஒரு டிராகுலா

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு பழைய படம் பார்ப்பது நான்கு ஆண்டுகளாக நடந்துவருகிறது. படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முறைவைத்து மாறும். இம்முறை அது என்னிடம் வந்தது. பேய்ப்படம்தான் வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டதால், 1931இல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகுலா’ என்று முடிவுசெய்ய எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் எந்த ‘டிராகுலா’ என்பதைத் தீர்மானிக்க இரண்டு வாரம் பிடித்தது. ஏனென்றால் அந்த ஆண்டு அந்த நிறுவனம் அதே கதையை ஆங்கிலத்தில் ஒன்றும் ஸ்பானிய மொழியில் ஒன்றுமாக இரண்டு படங்களாக எடுத்திருந்தது. என்னிடம் உள்ள வட்டில் இரண்டும் இருக்கின்றன. ஆங்கிலப் படத்தை இதுவரை ஐந்தாறு முறையும் ஸ்பானியப் படத்தை இரண்டு முறையும் பார்த்திருக்கிறேன். கீழே எழுதுவதை அந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டு படங்கள் உருவான காரணம் எளிமையானது. பேசும்படம் வந்த புதிதில் குரல் மாற்றிச் சேர்க்கும் நுட்பம் இன்னும் தேறியிருக்கவில்லை. வெளிநாட்டுச் சந்தையை இழக்க விரும்பாத ஹாலிவுட் நிறுவனங்கள் ஒரே கதையை வேறு மொழி நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தன. நமக்கு இது புதிய செய்தி இல்லை. 1955இல் எல்.வி. பிரசாத் ‘மிஸ்ஸியம்மா’வைத் தமிழில் ஜெமினி கணேசனையும் தெலுங்கில் என்.டி. ராமராவையும் வைத்து எடுத்தார். இரண்டிலும் நாயகி சாவித்திரிதான். ஆனால் அங்கே இரண்டுக்கும் இயக்குநர் ஒருவரே. ‘டிராகுலா’வில் இயக்குநரே வேறு. 1930இன் இலையுதிர் காலத்தில் டாட் பிரவுனிங்கின் ஆங்கிலக் குழு பகலெல்லாம் படம்பிடித்துவிட்டு மாலையில் வெளியேற, அதே செட்டுகளுக்குள் ஜார்ஜ் மெல்ஃபோர்டின் ஸ்பானியக் குழு நுழைந்து விடியும்வரை படம்பிடித்தது. மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே இயக்கினார். பகலில் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்து, அவற்றை மிஞ்ச வேண்டும் என்ற உறுதியோடு இரவுக் குழு வேலைசெய்தது. செலவில் மட்டும் ஆங்கிலப் படத்துக்குக் கொடுக்கப்பட்டதில் சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது.

மிஞ்சினார்களா என்றால், பல இடங்களில் ஐயத்துக்கு இடமில்லாமல் மிஞ்சினார்கள். ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ராபின்சனின் கேமரா நகர்கிறது; இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு முதன்முதலில் தன் கோட்டைப் படிக்கட்டில் தோன்றும்போது அது தரையிலிருந்து மேலெழுந்து படிகளின் மீது பறந்து அவரை நெருங்குகிறது. சவப்பெட்டி திறக்கும்போது புகை கிளம்ப, அதிலிருந்து அவர் எழுவதைக் காண்கிறோம். ஆங்கிலப் படமோ மூடி சற்று உயர்ந்து ஒரு கை வெளிவந்ததும் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறது. கதை ஒழுங்கிலும் ஸ்பானியப் படமே மேல். இறந்தபின் இரத்தம் குடிக்க எழும் லூசி என்ற நாயகியின் தோழி என்ன ஆனாள் என்பதை ஆங்கிலப் படம் அந்தரத்தில் விட்டுவிடுகிறது. ஸ்பானியப் படத்தில் அவளுடைய கதைக்கு முடிவு உண்டு. பைத்தியக்கார விடுதியில் மயங்கிக் கிடக்கும் பணிப்பெண்ணை நோக்கி, பிரபுவுக்கு அடிமையாகிப் பூச்சி தின்னும் ரென்ஃபீல்டு கொடூரச் சிரிப்போடு தவழ்ந்து போவதோடு ஆங்கிலப் படம் காட்சியை வெட்டிவிடுகிறது. அவன் அவள்மீது உட்கார்ந்த ஈயைப் பிடிக்கவே போனான் என்பதை ஸ்பானியப் படம் காட்டுகிறது. ஆங்கிலப் படம் ஓடுவது ஏறத்தாழ 75 நிமிடம், ஸ்பானியப் படம் 104 நிமிடம். கூடுதலான அந்த அரைமணியில் பெரும்பகுதி இப்படிப்பட்ட விளக்கங்களுக்கே போகிறது.

நாயகியைப் பொறுத்தவரையிலும் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஹெலன் சாண்ட்லரின் மீனா தொடக்கம்முதல் களைத்தவளாகவே இருப்பதால், பிரபுவின் பிடிக்குள் அவள் போனபின் என்ன மாறியது என்று தேட வேண்டியிருக்கிறது. லுபிதா தோவாரின் ஏவாவோ முதலில் உயிர்த்துடிப்புள்ள பெண்ணாக வந்து, கடிபட்டபின் கண்ணிலும் சிரிப்பிலும் வேறொருத்தியாகிறாள். காதலனின் கழுத்தை அவள் பார்க்கும் பார்வையில் பசி தெரிகிறது. தோவார் 2016இல் தம் 106ஆம் வயதில் காலமானார். அவருடைய பெயரை இந்த ஒரு படத்துக்காகவே பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ரென்ஃபீல்டு விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஸ்பானியப் படத்தின் பாப்லோ அல்வாரெஸ் ரூபியோ அலறலின் உச்சத்துக்கே போகிறார். ஆங்கிலப் படத்தின் டுவைட் ஃப்ரை, கப்பலின் அடித்தளத்திலிருந்து படிக்கட்டு வழியாக மேலே நிமிர்ந்து பார்த்து, உதடு பிரியாமல் சிரிக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் நாள்கணக்கில் ஒலித்தது. இரண்டும் வேறுவேறு வகையில் நல்ல நடிப்பு என்பதற்குமேல் சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின் நான் தேர்ந்தெடுத்தது ஆங்கிலப் படத்தை. காரணம் ஒன்றுதான்: பிரபு.

ஸ்பானியப் படத்தின் கார்லோஸ் வில்லாரியாஸ் திறமையில்லாத நடிகர் அல்லர். நடிகர்களில் அவருக்கு மட்டுமே பகலில் எடுத்த காட்சிகளைப் பார்க்க இடம்கொடுத்து, ஆங்கிலப் படத்தில் பிரபுவாக வரும் பெலா லுகோசியைப் போலவே செய்யச் சொன்னார்கள் என்பது பதிவான செய்தி. அப்படிச் செய்யச் சொன்னதே அவருக்குத் தீங்காய் முடிந்தது என்று நினைக்கிறேன். அவர் கண்ணை விரிக்கிறார், பல்லைக் காட்டிச் சிரிக்கிறார், புருவத்தை உயர்த்துகிறார். பயமுறுத்த வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் பயமுறுத்துவதாக நமக்கு அறிவித்துவிடுகிறார். லுகோசி எதையும் அறிவிப்பதில்லை. ஹங்கேரியில் பிறந்து, 1927 முதல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இதே வேடத்தைப் பலநூறு முறை செய்தவர் அவர். ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்த்து எடை சரியாக இருந்தால் மட்டும் கீழே வைப்பவர்போலப் பேசுகிறார். விருந்தாளிக்கு மது ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் குடிப்பதில்லை என்று சொல்லும் வரியில், ‘குடிப்பதில்லை’ என்பதற்கும் ‘மது’ என்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளியில் அவர் முகத்தில் ஒன்றும் நடப்பதில்லை. வேறு எதைக் குடிப்பவர் என்ற எண்ணம் நம் மனத்தில்தான் நடக்கிறது.

இந்த வேறுபாட்டை ஒரே காட்சியில் பார்த்துவிடலாம். இலண்டன் வீட்டின் வரவேற்பறையில் பேராசிரியர் வான் ஹெல்சிங், மூடியின் உட்புறத்தில் கண்ணாடி பதித்த சிகரெட் பெட்டி ஒன்றைத் திறக்கிறார். நாயகியோடு பேசிக்கொண்டிருக்கும் பிரபு அந்தக் கண்ணாடியில் தெரியவில்லை. பிறகு அந்தப் பெட்டியைப் பிரபுவின் முகத்துக்கு எதிரே எதிர்பாராமல் திறந்து நீட்டுகிறார். ஸ்பானியப் படத்தில் வில்லாரியாஸ் கைத்தடியை ஓங்கிப் பெட்டியை உடைத்து நொறுக்குகிறார். பார்க்கும்போது திடுக்கிடுகிறோம், கண்ணாடி சிதறும் ஓசை அறையை நிறைக்கிறது. ஆனால் அதோடு அந்தக் காட்சியின் இருப்பு தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் கோபம் முழுவதும் தடிவழியாக வெளியே போய்விட்டது.

லுகோசி பெட்டியைக் கையால் தட்டிவிடுகிறார், அவ்வளவுதான். அந்த ஒரு கணம் அவர் முகம் மிருகத்தின் முகமாகிறது. மறுகணமே அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு நிமிர்கிறார். வீட்டுக்காரரான மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டு, கண்ணாடிகள் தனக்குப் பிடிக்காது என்று சொல்லி, ஏன் என்பதைப் பேராசிரியர் விளக்குவார் என்று முடிக்கிறார். அவர் அப்படித் தன்னை மீட்டுக்கொள்ளும் இரண்டு மூன்று நொடிகளைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தோள்கள் முதலில் இறங்குகின்றன; பிறகு வாய் மூடுகிறது; கண்கள் கடைசியாகத்தான் மனிதக் கண்களாக மாறுகின்றன. பல நூற்றாண்டுகளாக மனிதர்களுக்கு நடுவே மனிதனாக நடிக்கப் பழகிய ஒன்று, அந்த நடிப்பை ஒரு கணம் நழுவவிட்டு மறுபடி எடுத்து அணிந்துகொள்வது அங்கே தெரிகிறது. கோபத்தை வெளியே கொட்டாததால் அது அறைக்குள்ளேயே இருக்கிறது; அவர் வெளியேறியபின்னும் போகவில்லை.

இதே காரணத்தால்தான், ஸ்பானியப் படத்தின் கேமரா அசைவை ஒரு நிலைக்குமேல் நான் குறையாகவே உணர்ந்தேன். கேமரா பறந்து வந்து ஒருவரைக் காட்டும்போது, பயப்பட வேண்டிய ஆள் இவர்தான் என்று விரல் நீட்டிச் சொல்கிறது. ஆங்கிலப் படத்தின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் இயக்குநர் முர்னாவோடு பணியாற்றிக் கேமராவுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். அசைக்கத் தெரியாமல் அவர் நிறுத்திவைக்கவில்லை. இப்படத்திலேயே நிலவறைச் சவப்பெட்டியை நோக்கி மெல்ல நகர்ந்துபோகும் காட்சி அதற்குச் சான்று. நடிகரே அசையாமல் நிற்கும்போது கேமராவும் நின்று, அந்தக் கண்கள் மீது மட்டும் ஒரு கீற்று வெளிச்சத்தை விழவைத்திருக்கிறது. இலண்டனுக்கு வந்தபின் பல காட்சிகள் மேடை நாடகம்போல் தட்டையாக இருக்கின்றன என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. லுகோசி இல்லாத காட்சிகளில் அது உண்மை. கடைசிப் பதினைந்து நிமிடங்கள் அவசரத்தில் முடிந்ததுபோல் இருப்பதும் உண்மை.

ஒலி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலப் படத்தில் பெயர்ப்பட்டியலின்போது வரும் சைகோவ்ஸ்கியின் ‘அன்னப்பறவை ஏரி’ இசையையும் அரங்கக் காட்சியில் கேட்பதையும் தவிரப் பின்னணி இசையே கிடையாது. இசையால் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் கைகாட்டப்பட்டே பழகிய நமக்கு முதல் பத்து நிமிடம் ஏதோ கோளாறு என்றே தோன்றும். அதைக் கடந்துவிட்டால், லுகோசி பேசி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கூடத்தில் மின்விசிறி சுற்றும் ஓசைவரை காதில் விழும். 1998இல் ஃபிலிப் கிளாஸ் இப்படத்துக்கென எழுதி, க்ரோனோஸ் நால்வர் என்ற தந்திக்கருவிக் குழு வாசித்த இசையும் சில வட்டுகளில் தனித்தடமாகக் கிடைக்கிறது. அது நல்ல இசை. ஆனால் முதன்முறை பார்ப்பவர்கள் அதை அணைத்துவிட்டே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன், ஏனெனில் அந்த இடைவெளிகளை அது நிரப்பிவிடுகிறது.

என் முடிவில் பலவீனமான இடம் ஒன்று உண்டு. எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. வில்லாரியாஸ் சொல்லும் வரிகளை அடிவரிகள் வழியாகவே அறிகிறேன். லுகோசியின் ஆங்கிலத்தில் எந்தச் சொல் தடுக்கி எந்தச் சொல் விழுகிறது என்று காது கண்டுபிடிப்பதைப்போல் அங்கே அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மெக்சிகோவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் வந்த நடிகர்கள் ஒரே குடும்பமாக வருவது ஸ்பானிய மொழிக்காரர்களுக்கு உறுத்தும் என்பதைப் படித்திருக்கிறேன்; நெல்லைப் பேச்சுப் பேசும் தகப்பனுக்குக் கோவைப் பேச்சுப் பேசும் மகன் வாய்த்ததுபோல் அது இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த மொழியில் பிறந்தவர் ஒருவர் என் தீர்ப்பைத் தலைகீழாக்கக்கூடும்.

ஆகவே, கதை ஒழுங்காக நகர வேண்டும், விட்ட இழைகள் எல்லாம் முடியப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஸ்பானியப் படத்தையே சொல்வேன். ஒரே முறைதான் பார்க்கப் போகிறேன் என்பவர்களுக்கும் அதையே சொல்வேன். பல ஆண்டுகள் ஒரு சுருள் காணாமல்போய், கியூபாவின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பிரதியால் முழுமை பெற்ற படம் அது, கிடைத்ததே பேறு. ஆனால் வீட்டில் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் படமாக அதை என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோதே அந்த விளக்கங்கள் எனக்குத் தேவைப்படவில்லை. ஈ எங்கே உட்காரும் என்று தெரிந்துவிட்டது. ஆங்கிலப் படத்தில் ஆறாம் முறையும் அந்த முகம் என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டேன். முதல் கால்மணி நேரம் இருவர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலந்தி வலையைக் கலைக்காமல் பிரபு படியேறி அப்பால் போய்விட, பின்னால் வந்த ரென்ஃபீல்டு அதே வலையைத் தடியால் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருந்தபோது பேச்சு நின்றது. சிகரெட் பெட்டி தரையில் விழுந்தபோது யாரும் அலறவில்லை. அக்காள் மகள் மட்டும் மெல்ல, “மாமா, இவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார்?” என்றாள். படம் முடிந்தபின் அந்த ஒரு கேள்வியையே இரவு பதினொன்றரை மணிவரை எல்லோருமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் ஸ்பானியப் படத்தையும் போட வேண்டும் என்று அவளே கேட்டிருக்கிறாள், போடப்போகிறேன்.